எதுக்கு ஆமாங்க?

எனக்குச் சினிமாப் பைத்தியம் கிடையாது. சீட்டாடத் தெரியாது. கோர்ட்டுப் பைத்தியம் மட்டும் உண்டு. எங்கள் ஜவுளிக்கடைக்கு நேர் எதிரே மாஜிஸ்திரேட் கோர்ட்டு. நடுவில் ஒரு ரோடு, ஒரு தூங்குமூஞ்சி மரம், அவ்வளவுதான். காலையில் வலங்கைமான் பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டம் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு போனதும் வியாபாரம் ஓய்ந்துவிடும். கடையாளிடம் "பாத்துக்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிவிடுவேன். கோர்ட்டில் கடைசி பெஞ்சில் சுவரோரம் ஒரு இடம் எனக்கென்றே ஆகிப்போயிருந்தது.

"அங்க என்னதான் இருக்கு? உங்க பேர்ல ஏதாவது கேஸ் நடக்குதா?" என்று என் மனைவி கேட்பாள். என்ன சொல்வது? கடைக்கு வருகிறவர்கள் வேட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். ஆனால் பாதிதான் சொல்வார்கள். மீதிப் பாதி கூண்டில் ஏறினால்தான் வெளியே வரும். அந்த மீதியைக் கேட்காவிட்டால் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது. வேறு காரணம் எதுவும் இல்லை.

கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. குத்தகைக்கு உழுகிறவர்கள் தாலுகா ஆபீசில் பேர் பதிந்துகொள்ளலாம், பதிந்தால் லேசில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்த வேகத்தில் சண்டையும் வந்தது. என் கடையில் ஒரு பக்கம் கட்சிக் கரை வேட்டி விற்கும், அறுப்புச் சமயத்தில் இன்னொரு பக்கம் கொடி தைக்கச் சிவப்புக் காடாத்துணி கெஜம் கெஜமாகப் போகும். வாங்குகிறவர்கள் வாசலில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு போவார்கள். நான் இரண்டு பேருக்கும் சிரித்துக்கொண்டே துணி கிழித்துக் கொடுப்பேன்.

தை பிறந்தால் கோர்ட்டில் அறுப்புக் கேஸ்கள் வரிசை கட்டி நிற்கும். நிலத்துக்காரர், "என் வயலில் விளைந்ததைத் திருடிவிட்டான்" என்பார். உழுதவர், "என் குத்தகையில் விளைந்ததை நான் அறுத்தேன்" என்பார். சிவில் தகராறுதான், ஆனால் திருட்டு என்று புகார் கொடுத்தால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் பாதிப் பேர் பயந்து வயலை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இதெல்லாம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானாகத் தெரிந்துகொண்டது.

அப்படி ஒரு நாள் போலீஸ் கூட்டி வந்த ஆள் எனக்குத் தெரிந்தவர், கடைக்கு வருகிறவர். நாற்பது வயது இருக்கும். ஒல்லி, நல்ல உயரம். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். கூண்டில் ஏறச் சொன்னார்கள், ஏறினார். ஆனால் கட்டையைப் பிடிக்கவில்லை. அதைத் தொடலாமா கூடாதா என்று அவருக்குச் சந்தேகம் போலிருந்தது.

மாஜிஸ்திரேட் புதுசு. மேற்கே கொங்கு நாட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நல்ல மனுஷன், ஆனால் அவசரக்காரர். அப்போதுதான் கோர்ட்டில் எல்லாம் தமிழில் நடக்க ஆரம்பித்திருந்தது. தமிழ் என்றால் நீங்களும் நானும் பேசுகிற தமிழ் என்று நினைத்துவிட வேண்டாம். பெஞ்சு கிளார்க் எழுந்து மூச்சு விடாமல் படித்தார். "மேற்படி எதிரியாகிய நீர், மேற்படி வாதிக்குப் பாத்தியப்பட்ட நஞ்சை நிலத்தில் விளைந்து நின்ற சம்பா நெற்பயிரைத் திருட்டுத்தனமாக அறுத்துச் சென்றதாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறீர். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா, மறுக்கிறீரா?"

"ஆமாங்க" என்றார் அவர்.

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார்.

எனக்கு அந்த 'ஆமாங்க' நல்ல பழக்கம். அவர் ஊர்க்காரர்கள் என் கடைக்கு வந்தால் நடக்கிறது இதுதான். "இந்தத் துண்டு பிடிச்சிருக்கா?" "ஆமாங்க." "பெரிசா இருக்கோ?" "ஆமாங்க." "சின்னதா எடுக்கட்டுமா?" "ஆமாங்க." நான் எதை மடித்துக் கையில் கொடுக்கிறேனோ அதை வாங்கிக்கொண்டு போவார்கள். மனதில் இருப்பது வேறு துண்டாக இருக்கும். வாயைப் பார்த்தால் பிரயோஜனமில்லை, கண் எந்த அடுக்குக்குப் போகிறது என்று பார்த்து எடுத்துப் போட வேண்டும். அதனால் அன்றைக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு வழக்கமான அரிப்பு வந்துவிட்டது. ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா என்று இரண்டு கேள்வி. பதில் ஒரு 'ஆமாங்க'. எந்தக் கேள்விக்கு அது? மனதுக்குள் கேட்டுக்கொண்டதாகத்தான் நினைத்தேன். வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன்.

"எதுக்கு ஆமாங்க?"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. "யாரது?" என்றார் மாஜிஸ்திரேட்.

"எதிர்த்த ஜவுளிக்கடை பாயிங்க ஐயா" என்று டவாலிச் சேவகன் என்னைக் காட்டிக்கொடுத்தான்.

"உங்களுக்கு இந்தக் கேஸ்ல என்னங்க சம்பந்தம்?"

எழுந்து நின்றேன். "சம்பந்தம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஒப்புக்கிறீரா, மறுக்கிறீரான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னாரு. ரெண்டுல எதுக்குன்னு தெரிஞ்சுக்கலாமேன்னு..."

அபராதம் போட்டு வெளியே தள்ளுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். "உனக்கு வக்கீல் இருக்காரா?" என்று அந்த ஆளைக் கேட்டார்.

"ஆமாங்க."

"எங்கே?"

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் என் முகத்தில் வந்து நின்றார். அத்தனை பேரில் அவருக்காக வாயைத் திறந்தவன் நான் ஒருவன்தானே.

"இவரா? பாயா உன் வக்கீல்?"

"ஆமாங்க."

கோர்ட்டு சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரித்துவிட்டார். பேனாவை மூடினார். "மத்தியானம் கூப்பிடறேன். அதுக்குள்ள நெஜ வக்கீல் ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. பாய், நீங்க வெளியே போய் நில்லுங்க."

வராந்தாவில் அவருடைய மனைவி தூணோரம் நின்றுகொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு அந்த அம்மாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஒத்துக்கிட்டாருங்களா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். அப்புறம் கதையைக் கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியுமா?

ஆறு மா நிலம், ரெண்டு ஏக்கர். குடமுருட்டி ஆற்றுப் பாசனம். இவருடைய அப்பா மிராசுதார் பண்ணையில் பண்ணையாளாக இருந்து செத்தவர். இவர் காலத்தில் மிராசுதார் வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு விட்டிருந்தார். சீட்டு, கையெழுத்து எதுவும் கிடையாது. இத்தனை வருஷம் இவரும் குத்தகை நெல் அளந்துகொண்டு வந்திருக்கிறார். இப்போது பதிவுச் சட்டம் வந்ததும், "குத்தகையாவது ஒண்ணாவது, அவன் கூலியாள்" என்று மிராசுதார் சொல்லிவிட்டார். தை பிறந்து கதிர் சாய்ந்தது. புருஷனும் பெண்ஜாதியுமாக இறங்கி அறுத்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாக என்று கிளார்க் படித்தாரே, அந்த அறுப்பு நடந்தது பட்டப்பகலில், ஊரே பார்க்க.

"திருடன்னு எழுதிட்டாங்கன்னா தாலுகா ஆபீசுல பேரு பதிய மாட்டாங்களாம். வயலு போயிடுங்க. வயலு போனா நாங்க போற எடம் ஏதுங்க?" என்றார் அந்த அம்மா.

"அப்புறம் ஏன் வக்கீல் வெச்சுக்கலை?"

பதில் அவர் புருஷனிடமிருந்தே வந்தது. கான்ஸ்டபிள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "பொய் சொல்றவங்களுக்குத்தானுங்களே வக்கீலு. நான்தான் அறுத்தேனே."

இத்தனை வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேஸ் பார்த்திருக்கிறேன், நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திருடனுக்கும் அடிதடிக்காரனுக்கும் வக்கீல் வேண்டும், நம்மைப் போன்றவர்களுக்கு எதற்கு என்று. உண்மையைச் சொல்லவும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அறுத்தது உண்மை. திருடவில்லை என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொன்னால் இரண்டாவது காணாமல் போய்விடும் என்று அவரிடம் யார் சொல்வது?

எங்கள் ஊரில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாதிப் பேர் மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள், மீதிப் பேர் அவர்களுடைய கேஸை நம்பி இருப்பவர்கள். ஒருவர் மட்டும் மேடைப் பேச்சாளர். கழகக் கூட்டம் எங்கே நடந்தாலும் அடுக்குமொழியில் ஒரு மணி நேரம் பேசுவார். கோர்ட்டில் அவ்வளவாகக் கேஸ் கிடையாது, மேடையில்தான் கூட்டம். வக்கீல்கள் அறையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அறுப்புக் கேஸா? வேண்டாம் பாய். ஆளு ஒத்துக்கிட்டான்னா நான் போய் என்ன பண்றது?"

"ஒத்துக்கிறீரா, மறுக்கிறீரான்னு கேட்டதுக்கு ஆமாங்கன்னாரு வக்கீல் சார்."

வெற்றிலை பாதி வழியில் நின்றது. "ரெண்டுக்கும் சேத்தா?"

"அதைத்தான் நானும் கேட்டேன்."

அப்படிச் சிரித்தார் மனுஷன், புரையேறிவிட்டது. பீஸ் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் சொல்ல நல்ல கதை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்திலேயே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மத்தியானம் கோர்ட்டு கூடியது. என்னை உள்ளே விட்டார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற கண்டிஷனோடு. வக்கீல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே! உழுதவன் உள்ளம் உடைந்து, உழைத்தவன் உதிரம் உறைந்து..." என்று ஆரம்பித்தார்.

"மேடை வெளியே இருக்குங்க. விஷயத்துக்கு வாங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

வக்கீல் அசரவில்லை. தன் கட்சிக்காரரிடம் ரெண்டே கேள்வி கேட்க அனுமதி வேண்டும் என்றார். கிடைத்தது. கூண்டைப் பார்த்துத் திரும்பினார். "இந்தக் கோர்ட்டுக் கட்டடம் உன்னோடதா?"

"ஆமாங்க."

"நேத்துக் கும்மோணத்துல மகாமகக் குளத்தை வித்தது நீதானா?"

"ஆமாங்க."

கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கூண்டைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாரும் சிரிக்கிறோம், தான் மட்டும் சும்மா நிற்பது மரியாதையில்லை என்பதற்காகக் கொஞ்சமாகச் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. வாசலில் அந்த அம்மா சிரிக்காமல் நின்றார். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஆனாலும் வேலை நடந்தது. மாஜிஸ்திரேட், 'எதிரி குற்றத்தை மறுக்கிறார்' என்று எழுதினார். ஜாமீனுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். கேஸ் வாய்தாவுக்குப் போயிற்று. வீட்டில் மனைவி கேட்டாள், "வேடிக்கை பாக்கப் போய் இப்ப மாட்டிக்கிட்டீங்களா?" ஆமாம் என்றேன். சொல்லிவிட்டு, இது எந்த ஆமாம் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அடுத்த வாய்தாவில் மிராசுதாருடைய காரியக்காரர் சாட்சி சொல்ல வந்தார். பண்ணையின் வரவு செலவெல்லாம் அவர் கையில்தான். வெள்ளை வேட்டி, ஜவ்வாது வாசனை. "இவன் கூலியாளுங்க. கூலிக்கு நட்டான், கூலி வாங்கிக்கிட்டான். குத்தகைங்கிறதெல்லாம் கட்டுக்கதை" என்று ஒரே போடாகப் போட்டார்.

எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அடுக்குமொழி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. குரலைத் தணித்து, அனுதாபமாகப் பேசினார். "காரியக்காரரே, உங்களைப் பத்தி ஊர்ல ஒரு மாதிரியாப் பேசிக்கிறாங்களே. நீங்க பொறுப்புக்கு வந்த பெறகு பண்ணைக்கு வர்ற நெல்லு தரம் கொறைஞ்சு போச்சாமே. பதரும் கருக்காயுமா அளந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப் போட்டுடுவீங்களாம்?"

காரியக்காரர் முகம் சிவந்துவிட்டது. "எவன் சொன்னான்? என் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா? இதோ நிக்கிறானே, போன வருஷம் இவன் அளந்த குத்தகை நெல்லையே பதரு இருக்குன்னு களத்துலேருந்து திருப்பி அனுப்பினேன். நல்லாத் தூத்திக் கொண்டாடான்னு அனுப்பினவன் நான்!"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்று சொல்லி முடித்த பிறகும் அவருக்குத் தெரியவில்லை. பெஞ்சு கிளார்க்தான் முதலில் தலையைத் தூக்கினார். கூலிக்கு நட்டவன் எதற்குக் குத்தகை நெல் அளக்க வேண்டும்? எங்கள் வக்கீல் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்தார். அவர் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அரசு வக்கீல் நிதானமாக எழுந்தார். கெட்டிக்காரர். "கோபத்துல வாய் தவறி வந்த வார்த்தை அது. அதை விடுங்க. எதிரி தன் வாயால ஒரு தடவையாவது நான் குத்தகைக்காரன்னு சொல்லியிருக்கானா? நீ குத்தகைக்காரனான்னு கேட்டா ஆமாங்கம்பான். கூலியாளான்னு கேட்டாலும் ஆமாங்கம்பான். கோர்ட்டே என்னோடதும்பான். இவன் வார்த்தைக்கு மதிப்பில்லைன்னு நிரூபிச்சது நான் இல்லை, அவனோட வக்கீலேதான்."

எங்களைச் சிரிக்க வைத்த அதே 'ஆமாங்க' இப்போது எங்கள் மேலேயே வந்து விழுந்தது. மாஜிஸ்திரேட் யோசித்தார். "அடுத்த வாய்தாவுல நானே கேக்கறேன். அவன் வாயால சொல்லட்டும். அதைக் கேட்டுட்டுத்தான் முடிவு" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே என் கடையின் பின்கட்டில் ஒத்திகை நடந்தது. துணி மூட்டை மேல் நான் மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்தேன். அவரை எதிரே நிறுத்தினோம். வக்கீல் சொல்லிக் கொடுத்தார். "திருடினியான்னு கேப்பாரு. இல்லீங்கன்னு சொல்லணும். ஒரே வார்த்தை. இல்லீங்க. எங்க, சொல்லு பாப்போம்."

நான் குரலை மாற்றிக்கொண்டு, "நெல்லைத் திருடினியா?" என்றேன்.

"ஆமாங்க."

"இல்லீங்கன்னு சொல்லுய்யா!"

"ஆமாங்க."

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். என்னை இறக்கிவிட்டுத் தானே மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து கேட்டுப் பார்த்தார். அதே பதில். இறங்கிக் கேட்டார், கெஞ்சிக் கேட்டார். அந்த ஆளுக்கு வேர்த்துக் கொட்டியதே தவிர அந்தச் சொல் வரவில்லை. 'இல்' என்று உதடு வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும்.

"ஏங்க, உங்களுக்கு இல்லைன்னு சொல்லவே தோணாதா?" என்று நான் கேட்டேன். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அவர் மூட்டைப் பக்கம் நின்ற மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் சொன்னார். "அது நீங்க நெனக்கிற ஆமாங்க இல்லீங்க. கூப்புட்டது காதுல விழுந்துச்சுன்னு சொல்றது. பண்ணையில கொரல் குடுக்கலேன்னா காது செவுடாடாம்பாங்க. ஒத்துக்கிறதும் ஒத்துக்காததும் அதுல எங்கங்க இருக்கு?" கொஞ்சம் நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "இவரு அப்பாரு ஒரே ஒரு தடவ இல்லீங்கன்னாரு. மாட்டை யாருடா அவுத்து விட்டதுன்னு கேட்டாங்க. நான் அவுக்கலீங்கன்னாரு. இவரு அப்ப சின்னப் புள்ள. பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு."

அதற்கு மேல் அந்த அம்மா சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. சவுக்கடியும், வாயில் ஊற்றுகிற சாணிப்பாலும் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மாதம் ஒரு மேடையில் அதைப் பற்றி முழங்குகிற எங்கள் வக்கீல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளையாட்டாக ஒரு சொல்லைத் துரத்திக்கொண்டு வந்தவன் நான். அந்தச் சொல்தான் இத்தனை காலமும் அவர்களுக்கு வக்கீலாக இருந்திருக்கிறது. அடி விழாமல் காப்பாற்றியதெல்லாம் அதுதான்.

என்ன பேசுவதென்று தெரியாமல் ஏதோ கேட்டுவைத்தேன். "என்ன நெல்லுங்க போட்டிருந்தீங்க?"

அவர் நிமிர்ந்தார். முதல்முறையாக அவர் குரலை முழுசாகக் கேட்டேன். விதை எங்கே வாங்கினார், நாற்றங்கால் எந்த மூலையில் போட்டார், ஐப்பசி மழையில் வரப்பு உடைந்து முதல் நடவு முழுக்க அழுகிப் போனது, பக்கத்து ஊரில் கெஞ்சி நாற்று வாங்கி வந்து மறுபடி நட்டது, வாய்க்காலில் தண்ணீர் கட்ட விடியற்காலையில் யார் யாரோடு சண்டை போட்டார் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு 'ஆமாங்க' கூட இல்லை. என்ன, எப்போ, எப்படி என்று கேட்டால் ஆமாங்க போட இடமில்லையே. நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார்.

வக்கீல் முழுக்கக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "எல்லாம் சரி பாய். மாஜிஸ்திரேட்டு உங்களை மாதிரி கேக்க மாட்டாரே. திருடினியா இல்லையான்னுதான் கேப்பாரு." அத்தோடு ஒத்திகை முடிந்தது.

வாய்தா நாள் வந்தது. கடையைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. நேரே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். காரியக்காரர் முன் வரிசையில் இருந்தார். அந்த அம்மாவை இந்தத் தடவை உள்ளே கூட்டி வந்து என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். அந்த அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறு மா நிலமும் அந்தக் கூண்டில் ஏறி நிற்கிற மாதிரி எங்கள் இரண்டு பேருக்கும் பயம்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கிளார்க்கைப் படிக்கவிடாமல் தானே கேட்டார். "வாதியோட வயல்ல வெளைஞ்ச நெல்லை நீ திருடினியா?"

"ஆமாங்க."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். காரியக்காரர் லேசாக இருமினார், அது சிரிப்புத்தான். பக்கத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சே இல்லை. நான் மாஜிஸ்திரேட்டின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது காகிதத்துக்குப் போகவில்லை. அவர் கடைசி பெஞ்சு பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கூண்டைப் பார்த்துக் கேட்டார்.

"எதுக்கு ஆமாங்க?"

அப்படி ஒரு கேள்வியை அந்த ஆளிடம் நேராக யாரும் அதுவரை கேட்டதில்லை. கூண்டில் அவர் உதடு அசைந்தது. கை தானாகப் போய்க் கட்டையைப் பிடித்தது.

"நீங்க கேட்டது காதுல விழுந்துச்சுங்க. அதுக்கு ஆமாங்க."

"சரி. நான் கேட்டதுக்கு?"

ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் அவர் நின்றார்.

"திருடலீங்க" என்றார். "வெத விட்டது நான். நட்டது நான். வெள்ளத்துல போச்சுங்க. மறுபடியும் நட்டது நான். குத்தகைக்கு உழுவுறேங்க, வருசா வருசம் அளந்திருக்கேன். பதருன்னு திருப்பி விட்டாங்க, தூத்தி அளந்தேன். நட்டவன் அறுத்தேங்க. திருடலீங்க."

மாஜிஸ்திரேட் ஒவ்வொரு வார்த்தையாக எழுதினார். "அப்படியே எழுதறேன்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். கிளார்க் ஏதோ திருத்தம் சொல்ல வாயெடுத்தார், அவரைக் கையமர்த்திவிட்டார். பக்கத்தில் அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். நானும்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

திருட்டு நிரூபிக்கப்படவில்லை, நிலத் தகராறு இருந்தால் அதற்குரிய இடத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்று விடுதலை ஆயிற்று. அதற்குரிய இடத்துக்கும் எங்கள் வக்கீலே கூடப் போனார். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். கடைசியில் பேர் பதிந்துவிட்டது. வக்கீல் இந்தக் கதையை மேடையில் சொல்லவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "கை தட்டுவாங்க பாய், ஆனா அதுக்கு முன்னாடி சிரிப்பாங்க" என்றார்.

அதற்கு அடுத்த பொங்கலுக்கு முன்னால் கூண்டில் நின்ற அந்த ஆள் கடைக்கு வந்தார். துண்டு வேண்டும் என்றார். நான் பழைய வழக்கப்படி கையில் கிடைத்த ஒன்றை எடுத்துப் பிரித்துப் போட்டுவிட்டு, அவர் கண் எந்த அடுக்குக்குப் போகிறது என்று பார்த்தேன். கண் எங்கேயும் போகவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எடுத்துக்கிறீங்களா?"

"இல்லீங்க" என்றார். "வேற காட்டுங்க."

வேறு காட்டினேன். கரை போட்டது, போடாதது, நெசவு தடித்தது, மெல்லிசு என்று மேலடுக்கு முழுக்க இறங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடையாள் முணுமுணுக்க முணுமுணுக்க, பரணில் கட்டிக் கிடந்த புது மூட்டையையும் இறக்கிப் பிரிக்கச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, தோளில் போட்டுப் பார்த்து, மடித்து வைத்தார்.

"இதுல எதுவும் பிடிக்கலையா?" என்றேன்.

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.